கட்டிலுக்கு அடியில் ஒரு விருந்தாளி

கேள்வி: விலங்கு மீட்பு அமைப்பு ஒன்றிடமிருந்து 2 வயதுப் பெண் நாட்டு நாயை 2 மாதம் ஃபாஸ்டராக (தத்தெடுப்பவர் கிடைக்கும் வரை தற்காலிகமாக) வைத்திருக்க அழைத்து வந்தோம். செவலை என்று கூப்பிடுகிறோம். வண்டியில் அடிபட்டு முன்னங்கால் எலும்பு முறிந்து, இப்போது கூடிவிட்டது. கருத்தடை, தடுப்பூசி எல்லாம் ஆகிவிட்டது. வந்து 4 நாளாகியும் கட்டிலடியை விட்டு நகர மறுக்கிறாள். பகலில் சாப்பாட்டைத் தொடுவதில்லை; நாங்கள் தூங்கிய பிறகு தட்டு காலியாகிவிடுகிறது. பூஜை அறை வாசலில் இரண்டு முறை சிறுநீர் கழித்துவிட்டாள். மாமியாருக்கு அதில் ரொம்ப வருத்தம். நேற்று என் கணவர் கழுத்துப் பட்டையைப் பிடித்து வெளியே இழுக்கப் போனபோது உறுமினாள். 9 வயது மகன் இருக்கிறான், பயமாக இருக்கிறது. தவறு எங்கள் மேலா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?
- வாசகி, அம்பத்தூர், முதல் மாடி ஃப்ளாட்

பதில் (கால்நடை மருத்துவர்):

இரவில் தட்டு காலியாகிறது என்ற வரியைப் படித்ததுமே எனக்குப் பாதி கவலை போய்விட்டது. பயந்த நாய் ஆள் அரவம் அடங்கியதும் சாப்பிடும். நோய்ப்பட்ட நாய் பெரும்பாலும் அப்போதும் சாப்பிடாது. செவலைக்கு இப்போது இருப்பது பயம். நாலாம் நாளில் அது இல்லாமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன். இப்போதைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

அவள் பக்கமிருந்து கொஞ்சம் பாருங்கள். தெருவில் அவளுக்கு எல்லாம் அத்துப்படி. டீக்கடை எப்போது திறக்கும், யார் பொறை போடுவார், யார் கல்லெடுப்பார் என்று ஒவ்வொன்றும் தெரியும். பிடிக்காத ஆள் வந்தால் நாலடி தள்ளிப் போய்விடுவாள். தெருநாயின் முதல் தற்காப்பு கடிப்பதல்ல, விலகிப் போவது. உங்கள் வீட்டில் அந்த வழியே அடைபட்டிருக்கிறது. நாலு பக்கமும் சுவர், காலடியில் வழுக்கும் டைல்ஸ், தலைக்கு மேல் ஏதோ சுற்றுகிறது, திடீரென்று குக்கர் விசில், மிக்சி, காலிங் பெல். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வருவோர் போவோரைக் கவனிக்க அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் கட்டிலடி. அந்த இடத்தை அவளுக்கே விட்டுவிடுங்கள். உள்ளே பழைய போர்வை ஒன்று, பக்கத்தில் தண்ணீர். துடைப்பம், கை, மகனின் தலை எதுவும் அங்கே நுழையக் கூடாது.

உங்கள் கணவரைக் குறை சொல்ல மாட்டேன், பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் உறுமியதற்காக அவளைத் திட்டியிருந்தால் அது இனி வேண்டாம். உறுமல் என்பது "இதற்கு மேல் வராதே" என்று அவள் முன்கூட்டியே சொல்வது. அதட்டினால் உறுமலை விட்டுவிடுவாள், பயத்தை விட மாட்டாள். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் பல் வரும். உறுமலுக்கு முன்பே சில அறிகுறிகள் தெரியும்: சாப்பாடு எதுவும் இல்லாமலே உதட்டை நக்குவாள், தூக்கம் வராமலே கொட்டாவி விடுவாள், தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் பார்ப்பதில் வெள்ளை விழி தெரியும், உடம்பு அப்படியே விறைத்து நிற்கும். இந்தக் கடைசி அறிகுறியை மகனுக்கு அவசியம் சொல்லிக் கொடுங்கள். தடவும்போது நாய் அசையாமல் இருந்தால் "பிடித்திருக்கிறது போல" என்று பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் நினைத்துவிடுகிறார்கள். மகனும் நாயும் மட்டும் ஒரு அறையில் தனியாக இருப்பது இப்போதைக்கு வேண்டாம்.

பல் பட்டுவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும் சரி, அவளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்க வேண்டாம். அமைப்புக்கும் சொல்லிவிடுங்கள், நாயைக் குறைந்தது 10 நாள் கண்காணிக்க வேண்டும்.

பழக்குவதற்கு நான் சொல்லும் வழி சோம்பேறித்தனமாகத் தெரியும். தினம் இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிடம், யாராவது ஒருவர் கட்டிலுக்கு ஆறடி தள்ளி, அவளுக்குப் பக்கவாட்டைக் காட்டித் தரையில் உட்காருங்கள். அவளைப் பார்க்காதீர்கள், கூப்பிடாதீர்கள். மகன் வீட்டுப்பாடத்தை அங்கே உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்கட்டும், நீங்களும் கூட இருங்கள். நடுநடுவே ஒரு துண்டு வேகவைத்த கோழியோ இட்லியோ எறியுங்கள். எங்கே எறிவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கையில் வைத்து நீட்டினால், பசிக்காகப் பயத்தை விழுங்கிக்கொண்டு வருவாள். வாயில் துண்டு விழுந்ததும் ஆள் பக்கத்தில் இருப்பது உறைத்துத் திகைப்பாள். சில நாய்கள் கடிப்பது அந்த நொடியில்தான். அதனால் துண்டு அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் விழட்டும். ஆள் இருக்கும்போதே தள்ளிப் போகலாம், தள்ளிப் போனாலும் சோறு உண்டு என்று தெரிந்துகொண்ட நாய் ஒரு வாரம் பத்து நாளில் தானாகக் கிட்டே வரும். வந்து முகர்ந்தாலும் உடனே தலையைத் தடவாதீர்கள். எங்களிடம் வரும் ஃபாஸ்டர் குடும்பங்களுக்கு அன்பு காட்ட யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, சும்மா இருக்கத்தான் வருவதில்லை.

பூஜை அறை விஷயம். வேண்டுமென்று செய்யவில்லை என்று மாமியாரிடம் சொல்லுங்கள். படுக்கும் இடத்திலிருந்து தள்ளிப் போய்க் கழிப்பது நாயின் சுபாவம். உங்கள் வீட்டில் அவள் எட்டிய அமைதியான மூலை அதுவாக இருந்திருக்கிறது. வாசலில் ஒரு பலகையை வைத்து மறித்துவிடுங்கள். துடைத்த இடத்தில் ஃபினாயில் போட்டிருப்பீர்கள். அது நம் மூக்குக்குத்தான் வாசனையை மறைக்கும், நாய் மூக்குக்கு இல்லை. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்துப் பாருங்கள். மார்பிள் தரை என்றால் வினிகர் படக் கூடாது, செல்லப்பிராணிக் கடைகளில் இதற்கென்றே கிடைக்கும் என்சைம் திரவம் வாங்கிக்கொள்ளுங்கள். அவளுக்குப் பழக்கம் மண்ணில் போவது. மாடிப்படியோ புதிது, காலும் இப்போதுதான் தேறியிருக்கிறது. முதல் சில நாட்களுக்குப் பால்கனியில் அகலமான தட்டில் மணல் கொட்டி, அவள் சிறுநீரைத் துடைத்த துணியை அதில் போட்டு வையுங்கள். பிறகு விடிகாலையிலும், சாப்பிட்ட பிறகும், படுக்கும் முன்பும் கீழே ஒரே இடத்துக்கு அழைத்துப் போங்கள். போனதும் அங்கேயே ஒரு துண்டு பரிசு. மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது என்ற பழைய வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

கூடிய எலும்பும் சில காலம் வலிக்கும், வலிக்கும் நாயும் உறுமும். கட்டிலடியிலிருந்து வாசல் வரை வழுக்காத ரப்பர் பாயோ பழைய யோகா மேட்டோ விரித்தால் நடை மாறுவதைப் பார்ப்பீர்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் கொடுத்துவிடாதீர்கள், நம் மாத்திரைகள் நாய்க்கு விஷமாகலாம். தொட்டால் சுடுகிறது என்று பதற வேண்டாம், நாயின் சாதாரண உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஆனால் ஈறு வெளுத்திருந்தால், மூக்கில் ரத்தம் வந்தால், இரவிலும் சாப்பிடாமல் ஒரு நாள் முழுக்கக் கிடந்தால் ரத்தப் பரிசோதனை வேண்டும். தெருவிலிருந்து வரும் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் சகஜம். சாப்பாட்டுக்கு இப்போதைக்குச் சோறு, எலும்பில்லாத கோழி, முட்டை போதும். வெங்காயம், பூண்டு, சாக்லேட் ஆகாது. பாயசத்தில் கிடக்கும் திராட்சையும்தான்.

நான் உண்மையில் அஞ்சுவது உறுமலுக்கு இல்லை, திறந்த கதவுக்கு. புதிதாக வந்த நாய் தப்பி ஓடுவது பெரும்பாலும் ஆரம்ப வாரங்களில்தான். காஸ் சிலிண்டர்காரர் பெல் அடிப்பார், நீங்கள் கதவைத் திறப்பீர்கள், அவள் காலுக்கிடையில் புகுந்து போய்விடுவாள். பயந்த நாய் பின்வாங்கி இழுத்தால் கழுத்துப் பட்டை தலை வழியாகக் கழன்றுவிடும். அதனால் வெளியே போகும்போது ஹார்னஸில் (மார்பைச் சுற்றி மாட்டும் வார்) ஒரு கயிறு, கழுத்துப் பட்டையில் ஒரு கயிறு என இரண்டு வேண்டும். பட்டையில் உங்கள் கைபேசி எண் இருக்கட்டும். ஓடிவிட்டால் கூவிக்கொண்டு துரத்தாதீர்கள், துரத்தத் துரத்த அம்பத்தூர் எஸ்டேட் வரை போய்விடுவாள். அமைப்புக்கு உடனே தகவல் சொல்லிவிட்டு, கடைசியாகப் பார்த்த இடத்தில் அவள் போர்வையையும் சாப்பாட்டையும் வைத்து, தள்ளி உட்காருங்கள். பெரும்பாலும் இரவு அடங்கியதும் அந்தப் பக்கம் வருவாள்.

மீட்புக்காரர்கள் 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். 3 நாளில் மிரட்சி தணியும், 3 வாரத்தில் வீட்டின் நேரங்கள் பிடிபடும், 3 மாதத்தில் தன் வீடு என்றாகும். குத்துமதிப்பான கணக்குதான், செவலை இதைப் படித்ததில்லை. மூன்றாம் வாரத்தில் செருப்பைக் கடித்து, வாட்ச்மேனைப் பார்த்துக் குரைத்தால் "நல்லாத்தானே இருந்தா" என்று தோன்றும். பயம் விட்ட பிறகுதான் நாயின் சொந்தக் குணம் வெளியே வரும். அவளுக்குப் புது வீடு தேடுகிறவர்களுக்கு உங்களிடமிருந்து வேண்டியதும் அந்தத் தகவல்தான். ரத்தம் வரக் கடித்தால், அல்லது மகன் நடமாடினாலே பாய்ந்தால் அமைப்பிடம் சொல்லி, குழந்தை இல்லாத வீட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கட்டிலடியை விட்டு வெளியே வந்துவிட்டால், இரண்டாம் வாரத்திலிருந்து அவளைத் தனியே விட்டுப் பழக்குங்கள். முதலில் 5 நிமிடம், பிறகு கால் மணி. எந்நேரமும் ஒருவர் மடியோடு இருந்த நாய், போகிற வீட்டில் கதவைப் பிறாண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். நீங்கள் "வா", மகன் "கம்", மாமியார் "இங்கே பாரு" என்றால் எதற்குத்தான் வருவாள்? ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்தச் சொல்லுக்கு வருகிறாள், மிக்சி சத்தம் பழகிவிட்டதா, பூனையைக் கண்டால் என்ன செய்கிறாள், காலைத் தொட விடுகிறாளா. தத்தெடுப்பவர் வரும் நாளில் அந்த நோட்டோடு கட்டிலடிப் போர்வையையும் கொடுத்தனுப்புங்கள். துவைக்காமல்.