மருந்தடித்ததால்தான் அப்பாவுக்கு நடுக்கமா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வயலுக்குப் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் அடித்தவர், கையுறை, முகமூடி எதுவும் போட்டதில்லை. போன வருடம் வலது கை நடுங்க ஆரம்பித்தது, நடையும் மெதுவாகிவிட்டது. பார்க்கின்சன் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மருந்தடித்ததுதான் காரணமா? ரத்தத்தில் நச்சு இருக்கிறதா என்று பார்த்து, டிரிப்ஸ் ஏற்றி அதை வெளியே எடுத்துவிடலாம் என்று ஓர் இடத்தில் சொல்கிறார்கள், செய்யலாமா? இப்போது அதே வேலையை நான் பார்க்கிறேன். எனக்கும் வருமா?

பதில்: காரணங்களில் ஒன்றாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் உங்கள் அப்பா ஒருவரை வைத்துக்கொண்டு 'இதனால்தான் வந்தது' என்று அடித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது, அதற்கென்று ஒரு பரிசோதனையும் கிடையாது. நழுவுகிற பதில் மாதிரி இருக்கும், கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

வெளியிலிருந்து வரும் ஒரு வேதிப்பொருள் பார்க்கின்சனைக் கொண்டுவர முடியும் என்று மருத்துவ உலகம் கண்ணால் பார்த்தது 1982-ல், கலிபோர்னியாவில். திருட்டுத்தனமாகத் தயாரித்த போதைமருந்தை ஊசி போட்டுக்கொண்ட சில இளவயதுக்காரர்கள், நாள்பட்ட பார்க்கின்சன் நோயாளிகளைப் போல அசைய முடியாமல், பேச முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் துருவிப் பார்த்ததில், அந்த மருந்தில் எம்.பி.டி.பி. என்ற பொருள் கலந்திருந்தது தெரிந்தது. மூளைக்குள் போனதும் அது எம்.பி.பி. என்ற வேறொரு பொருளாக மாறுகிறது, உடம்பின் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்களுக்குள் புகுந்து, அவற்றுக்குச் சக்தி தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கிவிடுகிறது, அந்தச் செல்கள் சாகின்றன. இதில் நமக்கு வேண்டிய விஷயம், எம்.பி.பி.யின் வேதி வடிவம் பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் வடிவத்தோடு நெருங்கிய ஒற்றுமை உள்ளது என்பது. ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியோ மைட்டோகாண்ட்ரியாவில் எம்.பி.பி. தாக்கும் அதே இடத்தையே தாக்குகிறது.

அதற்கப்புறம்தான் மருந்தடிப்பவர்களைப் பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகள் வேகம் பிடித்தன. 2011-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒன்றில், பாராகுவாட் அல்லது ரோட்டினோன் பயன்படுத்தியவர்களுக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 2.5 மடங்கு இருந்தது. பயிருக்கு அடிப்பது மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். உலோகப் பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கவும் உலர்சலவைக்கும் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் கலந்த தண்ணீரைக் குடித்த அமெரிக்கப் படைமுகாம் வீரர்களிடம், அதே மாதிரி இன்னொரு முகாமில் இருந்தவர்களைவிட 70 சதவீதம் அதிக ஆபத்து இருந்ததாக 2023-ல் வந்த ஆய்வு சொன்னது. அவர்கள் அந்த முகாமில் இருந்தது 1975-க்கும் 1985-க்கும் நடுவில். குடித்தது இளவயதில், நோய் தெரிந்தது பல பத்தாண்டு கழித்து. இந்த இடைவெளிதான் இந்த விஷயத்தில் பெரிய தலைவலி.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் உறுதியாகச் சொல்ல முடியாது என்றால், இந்தக் கணக்கெல்லாம் கூட்டத்துக்கான கணக்கு. வாழ்நாள் முழுக்க மருந்தடித்தவர்களில் பெரும்பாலோருக்குப் பார்க்கின்சன் வருவதில்லை, ஒரு நாளும் வயலில் இறங்காதவர்களுக்கும் வருகிறது. வயது, மரபணு, சூழல் மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன, ஒருவர் உடம்பில் எது எத்தனை பங்கு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

காரணம் தேடும் வேகத்தில் கைக்கெட்டும் ஒன்றை விட்டுவிடாதீர்கள். அப்பா தலைச்சுற்றலுக்கோ வாந்திக்கோ மனநலத்துக்கோ நீண்ட நாள் மாத்திரை சாப்பிட்டாரா? சின்னாரிசின், ஃப்ளூனாரிசின், மெட்டோகுளோப்ரமைடு, சில மனநோய் மருந்துகள் ஆகியவை அச்சு அசலாகப் பார்க்கின்சன் மாதிரியே நடுக்கத்தையும் இறுக்கத்தையும் கொண்டுவரும். நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களில் சரியாகிறது (நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லி நிறுத்துங்கள்). முப்பது வருடத்துக்கு முன் அடித்த மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது, நேற்று போட்ட மாத்திரையை நிறுத்த முடியும். வெல்டிங் வேலையோ மாங்கனீசுச் சுரங்க வேலையோ பார்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மாங்கனீசால் வரும் பாதிப்பு தனி ரகம், பார்க்கின்சனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை அதற்குச் சரியாகப் பிடிக்காது.

ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ் இரண்டும் வேண்டாம். பாராகுவாட் உடம்பில் வருடக்கணக்காக ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்காது. என்றோ செய்த சேதத்தை இன்றைய ரத்தத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, 'நார்மல்' என்று வந்தாலும் அதற்கு அர்த்தமில்லை. அந்த டிரிப்ஸுக்குச் சீலேஷன் என்று பெயர். ஈயம் போன்ற உலோக நச்சு நிரூபணமானால் ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்யும் சிகிச்சை அது. பூச்சிமருந்தை அது வெளியே எடுக்காது, செத்துப்போன நரம்புச் செல்லைத் திருப்பித் தராது. தவறான மருந்தை ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயம் நின்று இறந்தவர்கள் உண்டு. 'உடம்பைச் சுத்தம் செய்கிறோம்' என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். அந்தப் பணத்தை அப்பாவின் பிசியோதெரபிக்குச் செலவழியுங்கள். தினமும் நன்றாக மூச்சு வாங்கும் அளவுக்கு உடற்பயிற்சி செய்பவர்கள் இந்த நோயில் கூடுதல் நாள் நன்றாக நடமாடுகிறார்கள்.

இனி உங்கள் விஷயம். அப்பாவுக்கு இருப்பதால் உங்கள் ஆபத்து மற்றவர்களைவிடச் சற்று அதிகம், ஆனாலும் பார்க்கின்சன் நோயாளிகளின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. மரபணுவை மாற்ற முடியாது, தோலை மூட முடியும். மருந்தடிக்கும்போது மூக்கு வழியாகப் போவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள், உண்மையில் தோல் வழியாக, அதுவும் கை வழியாக, நிறையப் போகிறது. டேங்கில் கலக்கும் நேரம்தான் மோசம், ஏனென்றால் அப்போது கையில் படுவது தண்ணீர் சேராத மருந்து. 2015-ல் வந்த ஓர் ஆய்வில் பாராகுவாட்டுக்கும் பார்க்கின்சனுக்கும் உள்ள தொடர்பு, கையுறை ஒழுங்காகப் போடாதவர்களிடம் மட்டுமே தெரிந்தது. துணிக் கையுறை ஊறிப்போய்த் தோலோடு ஒட்டிக்கொள்ளும், அதற்குப் போடாமலே இருக்கலாம். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை வாங்குங்கள். பாராகுவாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2007-லேயே சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. வேறு வழி இருந்தால் நீங்களும் அதைத் தொடாதீர்கள்.

அடித்துவிட்டு வந்த துணியை வீட்டுத் துணியோடு போடாதீர்கள், தனியாகத் துவைக்க வேண்டும், துவைப்பவரும் கையுறை போட வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிமருந்து அடிப்பவராக இருந்தால், அடிக்கும் பருவத்துக்கு முன்னும் பின்னும் கோலினெஸ்டரேஸ் என்ற ரத்தப் பரிசோதனை செய்து ஒப்பிடலாம், இது சமீபத்தில் உடம்பில் சேர்ந்ததைக் காட்டும் உருப்படியான பரிசோதனை. மற்றபடி வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கை கால் வீசிக் கத்துவது, எழுத்து சிறுத்துப்போவது என்று ஏதாவது தொடர்ந்து இருந்தால் மட்டும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அடுத்த முறை அப்பாவை அழைத்துப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், பழைய மருந்துச் சீட்டுகளையும், அவர் அடித்த மருந்துகளின் பெயர்ப் பட்டியலையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.