சமநோக்கு வளைகோட்டை வரைந்து பார்த்து யாராவது பொருள் வாங்குகிறார்களா?

கேட்டவர் பிளஸ் ஒன்னோ பி.ஏ. முதல் வருடமோ படிப்பவராக இருக்கும். பரீட்சை எரிச்சலில் கேட்டிருக்கிறார், சரி. இரண்டு பொருள்களை எந்தெந்த அளவில் சேர்த்து வைத்தால் ஒரே திருப்தி கிடைக்குமோ, அந்தக் கலவைகளையெல்லாம் இணைக்கிற கோடுதான் சமநோக்கு வளைகோடு. வரைந்து பார்த்து யாரும் வாங்குவதில்லை. அதனால் "இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்" என்று நாலு பேர் பதில் போட்டிருக்கிறார்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் எம்.ஏ. எகனாமிக்ஸ். பென்னாகரம் பக்கம் அப்பாவின் மளிகைக் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். இதற்கா படித்தாய் என்று சொந்தக்காரர்கள் ஏற்கெனவே கேட்டாயிற்று, நீங்கள் வேறு ஆரம்பிக்காதீர்கள்.

2023-இல் எங்கள் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் ஒரு ஏற்பாடு வந்தது. விருப்பப்பட்டவர்கள் அரிசியில் 2 கிலோவைக் குறைத்துக்கொண்டு 2 கிலோ ராகி வாங்கிக்கொள்ளலாம். என் அம்மா வேண்டாம் என்றுவிட்டார். எங்கள் காட்டில் விளைந்த ராகியே மூட்டையில் கிடக்கிறது. இன்னொரு கிலோவுக்காக அரைக் கிலோ அரிசியை விடுவதுகூட அவருக்கு அதிகம். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கதை வேறு. அவர் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, ராத்திரியானால் களிதான். "ரெண்டு கிலோ எந்த மூலைக்கு தம்பி, அஞ்சு கிலோ தர மாட்டாங்களா?" என்றார். ஒரு கிலோ ராகிக்கு ஒன்றரைக் கிலோ அரிசி கேட்டாலும் கொடுத்திருப்பார்.

இப்படி விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிற அளவுதான் இறுதிநிலைப் பதிலீட்டு வீதம். ரேஷன் கடை கேட்டது கிலோவுக்குக் கிலோ. அதுதான் விலைக்கோட்டின், அதாவது நம்மால் வாங்க முடிகிற கலவைகளைக் காட்டும் கோட்டின், சாய்வு. வீதம் ஒன்றுக்கு மேலே போனால் மாற்றிக்கொள்வார்கள், கீழே இருந்தால் பையை நீட்ட மாட்டார்கள். அக்காவுக்கும் ராகி சேரச் சேர அரிசியை விட மனசு வராது, இட்லிக்கு என்ன செய்வார்? சமநோக்கு வளைகோடு, அச்சுகள் சந்திக்கும் மூலையை நோக்கிக் குவிந்து இருப்பது இதனால்தான். புத்தகத்தில் வளைகோடும் விலைக்கோடும் தொட்டுக்கொள்ளும் இடம் நுகர்வோர் சமநிலை, அதாவது அதற்கு மேல் மாற்றிக்கொள்ளத் தோன்றாத இடம். அக்காவுக்கு அந்த இடம் வருவதற்குள் 2 கிலோ வரம்பு குறுக்கே வந்துவிட்டது.

இதில் யார் கணக்குப் போட்டார்கள்? பொருளியல் அறிஞர்களில் மார்ஷல் திருப்தியைப் பண அளவுகோலால் அளக்கப் பார்த்தார். எண் தேவையில்லை, எது பிடிக்கும் என்ற வரிசை போதும் என்று பரேட்டோ 1906-இல் எழுதினார். ஹிக்ஸும் ஆலனும் 1934-இல் அதை முழுக் கோட்பாடாக்கினார்கள். களியில் எத்தனை யூனிட் திருப்தி என்று அக்காவிடம் கேட்டால் களி கிண்டும் துடுப்பு என் மேல் பறக்கும். இதுவா அதுவா என்றால் பட்டென்று சொல்வார்.

மனிதர்கள் அவ்வளவு தெளிவாக முடிவெடுப்பதில்லை என்று சிலர் வருவார்கள். எதிர்வீட்டில் வாங்கினார்களே என்று தானும் வாங்கியவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு, மறுக்கவில்லை. அடுத்த மாதமே அரிசிக்குத் திரும்பினார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், ராகியோ அரிசியோ, முதலில் கைரேகை விழ வேண்டுமே! களையெடுத்துத் தேய்ந்த விரலை அம்மா தலைமுடியில் தேய்த்துத் தேய்த்து வைக்கிறார், மெஷின் எடுக்காது. "நாளைக்கு வாம்மா" என்பார்கள். அன்றைய கூலி போச்சு. இதைப் பற்றி ஒருவரும் இங்கே கேள்வி கேட்பதில்லை.

பரீட்சைக்கு வருவோம். இரண்டு சமநோக்கு வளைகோடுகள் ஏன் வெட்டிக்கொள்ளாது என்று கட்டாயம் கேட்பார்கள். வெட்டினால் அந்தப் புள்ளி இரண்டுக்கும் பொது, ஆக இரண்டு கோட்டிலும் ஒரே திருப்தி என்றாகும். ஆனால் வெட்டுமிடத்தைத் தாண்டி மேலே இருக்கிற கோட்டில், கீழே இருக்கிற கோட்டின் ஒரு புள்ளியைவிட இரண்டு பொருளுமே கூடுதலாகக் கிடைக்கிற புள்ளி இருக்கிறது. இரண்டும் எப்படிச் சமமாகும்? இவ்வளவு எழுதினால் போதும். படத்தில் அச்சுகளுக்குப் பெயர் போடுங்கள்.