ஈன், சினை, ஈத்து: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

*ஆடு குட்டி போடுவதைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘யீன்’ என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. நம் ‘ஈன்’தானே அங்கே போயிருக்கிறது? (ரோஸ் ஹில் வாசகர்)*

ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி வந்தால் அப்படித் தோன்றத்தான் செய்யும். ஆனால் உறவு இல்லை. ‘யீன்’ பழைய ஆங்கிலத்தில் ‘ஏஅனியன்’ என்று இருந்தது. அதன் உறவு லத்தீன் ‘அக்னுஸ்’, அதாவது ஆட்டுக்குட்டி. மொரீஷியஸில் நாம் அன்றாடம் கேட்கும் பிரெஞ்சுச் சொல் ‘அன்யோ’ அந்த அக்னுஸ் வழி வந்ததுதான். ஆக, ‘யீன்’ பிறந்ததே ஆட்டு மந்தையில். அதனால்தான் அது ஆடுகளோடு நின்றுவிட்டது.

தமிழ் ‘ஈன்’ அப்படியில்லை. பசு ஈனும், நெல் கதிர் ஈனும், தாயும் ஈன்றாள். குறுந்தொகை 85ஆம் பாட்டைப் பாருங்கள். சூல் முதிர்ந்த பேடைக்கு ‘ஈனில்’ கட்டுவதற்காக ஊர்க்குருவிச் சேவல் ஒன்று கரும்பின் மணமில்லாத வெண்பூவைக் கோதி எடுக்கிறது. ஈனும் இல், ஈனில். குருவியும் கரும்பும் நிறைந்த நம் தீவில் இந்தப் பாட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இந்தச் சொல்லுக்கு உறவு தேடினால் தெலுங்கு, கன்னடம், மலையாளம் பக்கம் போங்கள். மூன்றிலும் ‘ஈனு’ என்ற வினை உண்டு. உங்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பத்துப் பெரியவர்களுக்கே தெரிந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

*என் மகள் கட்டுரையில் ‘அம்மா என்னை ஈன்றாள்’ என்று எழுதினாள். அது மாட்டுக்குச் சொல்வது என்று ஆசிரியர் அடித்துவிட்டார். சரியா? (திரியோலே)*

உங்கள் மகள் பக்கம்தான் நான். ‘ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும்’ என்று தாயைப் பற்றித்தான் குறள் பேசுகிறது. ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்று புறநானூற்றுத் தாய் தன் வாயாலேயே சொல்கிறாள். இன்றைய பேச்சில் ‘பெற்றாள்’ என்கிறோம், எழுத்தில் ‘ஈன்றெடுத்தாள்’ இன்னும் உயிரோடு இருக்கிறது.

கவனம் வேண்டியது ‘சினை’யில்தான். அதைப் பெண்ணுக்குச் சொன்னால் வசை. பிரெஞ்சில் விலங்குக்கு ‘பிளேன்’, பெண்ணுக்கு ‘ஆன்சேன்ட்’ என்று பிரிக்கிறார்கள் அல்லவா, அதே கணக்கு. ‘சூல்’ இரண்டு பக்கமும் செல்லும், மேகம்கூடச் சூல் கொள்ளும்.

*மாடும் சினை, மீன் வயிற்றில் இருப்பதும் சினை. எப்படி? (மாஹேபூர்)*

முட்டை, கரு, கருவுற்ற நிலை மூன்றுக்கும் அந்த ஒரே சொல்தான். மீனவர் ‘சினை மீன்’ என்பதும் மாடு வளர்ப்பவர் ‘சினை பிடிச்சிருக்கு’ என்பதும் சரியே. இலக்கண வகுப்பில் கை, கால், கிளையெல்லாம் சினைப்பெயர் என்று படித்திருப்பீர்கள், அங்கே ‘உறுப்பு’ என்று பொருள். எழுதும்போது சந்தேகம் வந்தால் ‘சினைப்பசு’ என்று சேர்த்து எழுதிவிடுங்கள், குழப்பம் வராது.

*பாட்டி ‘ரெண்டாம் ஈத்து மாடு’ என்பார். ஈத்து என்றால்? (ஃபிளாக்)*

ஈன்றதன் கணக்கு. எழுத்தில் ‘ஈற்று’, பேச்சில் ‘ஈத்து’, ‘காற்று’ ‘காத்து’ ஆனது போல. முதல் கன்று போட்டது தலையீற்றுப் பசு. ரெண்டாம் ஈத்து என்றால் இரண்டாவது கன்று போட்ட மாடு. பால் மாடு வாங்குபவர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான் என்பதால், அகராதியைவிட மாட்டுத் தொழுவத்தில்தான் இந்தச் சொல் நன்றாக வாழ்கிறது. உங்கள் பாட்டி சொல்லும் இப்படிப்பட்ட சொற்களை எல்லாம் தயவுசெய்து எழுதி வையுங்கள்.

*குதிரை போடுவது குட்டியா, கன்றா? (போர்ட் லூயிஸ்)*

தொல்காப்பியம் யானை, குதிரை, கழுதை, கடமை (ஒரு காட்டு விலங்கு), பசு ஐந்துக்கும் ‘கன்று’ என்கிறது. இன்று குதிரைக்கும் கழுதைக்கும் ‘குட்டி’தான் வழக்கு, யானைக்கு இரண்டும் உண்டு. நீங்கள் ‘குதிரைக்குட்டி’ என்றே எழுதலாம்.