சிரிப்பு யாருடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமூகவியல் பேராசிரியர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் 2018இல் 'தி அட்லாண்டிக்' இதழுக்கு அளித்த நேர்காணலைப் படித்தேன். சம்பளத்துக்காக ஊழியர் தன் உணர்ச்சியை வேலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வதைத்தான் அவர் 'உணர்ச்சி உழைப்பு' என்கிறார்; வீட்டு வேலைகளையெல்லாம் அப்படிச் சொல்லிவிட முடியாது என்கிறார். பண்டிகைக்கு யாருக்கு என்ன வாங்குவது என்ற பட்டியலைத் தலையில் சுமப்பது பெண்கள்தானே, அது உழைப்பில்லையா? மேலும், கடைக்காரர் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிப்பது காலங்காலமாக நடப்பது. இதில் ஒரு பேராசிரியர் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் மற்றது பாதி தீர்ந்துவிடும்.

கடைக்காரர் தன் கடைக்காகச் சிரிக்கிறார். எரிச்சல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் செய்வார், நட்டம் அவருடையது. ஹோக்‌ஷில்ட் 1983இல் வெளியிட்ட நூலுக்காக ஆராய்ந்தது அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களை. அங்கே ஆளெடுப்பு, அட்லாண்டா பயிற்சி மையம், மேற்பார்வையாளர், பயணிகளின் புகார்க் கடிதம் என்று எல்லா இடத்திலும் நிறுவனத்தின் கை இருந்தது. ஒரு வேலையை உணர்ச்சி உழைப்பு என்று சொல்ல அவர் வைக்கும் அளவுகோல் மூன்று. வேலையில் பொதுமக்களை நேரிலோ குரல் வழியாகவோ சந்திக்க வேண்டும். அவர்களிடம் ஓர் உணர்ச்சியை உண்டாக்க வேண்டும். ஊழியரின் உணர்ச்சியைப் பயிற்சியாலும் மேற்பார்வையாலும் முதலாளி ஓரளவாவது கட்டுப்படுத்த முடிய வேண்டும். உண்டாக்கும் உணர்ச்சி இதமானதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதே நூலில் கடன் வசூலிப்பவர்களும் வருகிறார்கள்; அவர்கள் அடக்க வேண்டியது இரக்கத்தை, கிளப்ப வேண்டியது அச்சத்தை.

உதட்டளவில் சிரிப்பது மேலோட்ட நடிப்பு. அதை எவரும் சமாளித்துவிடுவார்கள். பயிற்சி மையம் கேட்டது ஆழ்ந்த நடிப்பை. விமானத்தின் உட்புறத்தைத் தன் வீட்டுக் கூடமாக நினைக்க வேண்டும். கத்தும் பயணியைக் குழந்தையாகவோ, வீட்டில் ஏதோ துக்கம் நேர்ந்தவராகவோ பாவிக்க வேண்டும். அப்படிப் பாவித்தால் கோபத்தை அடக்கவே தேவையில்லை, அது வராது. நடிகர்களுக்கு ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி சொன்ன உத்தியின் வாரிசு இது. சிக்கலும் இங்கேதான். கோபம் ஒரு தகவல்: 'இந்த ஆள் வரம்பு மீறுகிறான்' என்று நமக்கே சொல்வது. அந்தத் தகவல் எழும்பாமல் இருக்கப் பழகியவர், வேலை முடிந்த பிறகும் தனக்கு உண்மையில் என்ன தோன்றுகிறது என்று கண்டுபிடிக்கத் திணறுகிறார். என்னைக் கேட்டால் நூலின் ஆகச் சிறந்த பகுதி இதுதான். மேற்கோள் காட்டுபவர்கள் பலர் இதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள்.

1970களில் விமானங்கள் பெரிதாயின, ஒரு பயணிக்குக் கிடைக்கும் நேரம் சுருங்கியது. சிரிப்பு மட்டும் குறையக் கூடாது. ஆழ்ந்து நடிக்க அவகாசமில்லாமல் பலர் உதட்டுச் சிரிப்புக்கு இறங்கினார்கள். ஏன் சிரிக்கவில்லை என்று கேட்ட ஒரு பயணியை முதலில் அவரையே சிரிக்கச் சொல்லி, அவர் சிரித்ததும், 'இப்படியே 15 மணி நேரம் இருங்கள்' என்று ஒரு பணிப்பெண் சொன்னதை ஹோக்‌ஷில்ட் பதிவுசெய்திருக்கிறார்.

பாதிப்பும் ஒரே மாதிரி வருவதில்லை. வேலையோடு முழுசாக ஒன்றிப்போகிறவர் சோர்ந்து விழுகிறார். விலகி நிற்பவர் 'நான் போலி' என்று தன்னையே நொந்துகொள்கிறார். நடிப்பும் வேலையின் ஒரு பகுதிதான் என்று எடுத்துக்கொள்பவர் ஓரளவு தப்பிக்கிறார், ஆனால் அவருக்கு எல்லாமே வெறும் வேஷமாகத் தோன்றிவிடும் ஆபத்து உண்டு. இதே வேலையைச் செய்த ஆண்களின் பேச்சுக்குப் பயணிகள் கூடுதல் மரியாதை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி பண்டிகைப் பட்டியல். அது உழைப்புதான், சந்தேகமில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்த பெண் வீட்டில் பார்க்கும் 'இரண்டாம் ஷிப்ட்' பற்றி 1989இல் தனி நூலே எழுதியவர் ஹோக்‌ஷில்ட். அவர் சொல்வது, பட்டியல் போடுவது திட்டமிடும் வேலை. அதைச் செய்யும்போது உள்ளே பொங்கும் எரிச்சலை விழுங்கிக்கொண்டு, மாமியாரிடம் மலர்ந்த முகத்தோடு பேச வேண்டியிருந்தால் அந்தப் பகுதி உணர்ச்சி சார்ந்தது. அதையும் சம்பளத்துக்கு விற்கும் உணர்ச்சியிலிருந்து அவர் பிரித்தே வைக்கிறார். காரணம், விற்கும்போது லாபம் யாருக்கு, விதி போடுவது யார் என்ற கேள்விகள் எழுகின்றன. எனக்கு இந்தக் கோடு சற்றுக் கறாராகவே படுகிறது. மருமகளுக்கும் விதி போட ஆள் இருக்கிறது. இருந்தாலும் பட்டியல் விஷயத்தில் நான் பேராசிரியர் பக்கம். பட்டியலில் பாதியைக் கணவரிடம் கொடுத்து, கடைக்கும் அவரையே அனுப்பலாம். விழுங்கிய எரிச்சலை அப்படிப் பங்குபோட முடியாது.