வாசகர் கேள்வி: வீட்டில் படித்த பாடத்தை எழுதிக் காட்டுவது எப்படி?

கேள்வி: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வசிக்கிறோம். வீட்டிலேயே படிக்கும் எங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பை முடித்திருக்கிறாள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது பாட விவரக்குறிப்புகள் தேவைப்படும் என்கிறார்கள். மாநிலச் சட்டத்துக்காக நாங்கள் வைத்திருக்கும் பதிவேடு போதாதா? தமிழையும் ஒரு பாடமாகக் காட்டலாமா?

பதில்: பதிவேடு மட்டும் போதாது. ஆனால் அது இல்லாமல் நல்ல விவரக்குறிப்பு எழுத முடியாது. உங்கள் மாநிலத்தின் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, படித்த நூல்களின் பெயர்களை அவ்வப்போது குறித்த நாட்பதிவையும் மகளின் எழுத்து மாதிரிகளையும் சேர்த்துவைத்து, மதிப்பீட்டாளரிடம் காட்டி, அவருடைய சான்றை ஜூன் 30க்குள் பள்ளி மாவட்டத்துக்கு அனுப்புகிறீர்கள். கல்லூரியின் சேர்க்கை அலுவலர் அந்தக் கோப்பைப் பார்ப்பதில்லை. பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் 'காமன் ஆப்' இணையதளம் வழியே விண்ணப்பித்தால், பள்ளி ஆலோசகரின் இடத்தில் இருந்து டிரான்ஸ்கிரிப்டை, அதாவது பாடங்களும் மதிப்பெண்களும் அடங்கிய பட்டியலை, அனுப்புபவர் பெரும்பாலும் பெற்றோரே. 'உயிரியல், 1 கிரெடிட், ஏ' என்று ஒரு தாய் போட்ட வரிக்குப் பின்னால் என்ன படிப்பு நடந்தது என்பதைச் சேர்க்கை அலுவலருக்குச் சொல்ல விவரக்குறிப்புதான் இருக்கிறது. எல்லாக் கல்லூரிகளும் அதைக் கேட்பதில்லை என்றாலும் தயாராக வைத்திருங்கள்.

பலரும் 'மகள் உயிரியலை மிகுந்த ஆர்வத்துடன் கற்றாள்' என்று தொடங்குகிறார்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். இப்படி எழுதலாம்: 'உயிரியல், ஆய்வகத்துடன். ஓராண்டு. செல், மரபியல், பரிணாமம், சூழலியல். வெங்காயத் தோலின் செல்களை நுண்ணோக்கியில் பார்த்து வரைதல் உள்ளிட்ட 14 ஆய்வுகள். ஒவ்வொன்றுக்கும் எழுத்து அறிக்கை. மதிப்பீடு: தேர்வுகள் 60 விழுக்காடு, அறிக்கைகள் 40 விழுக்காடு.' இதனுடன் பாடநூலின் பெயரையும் பதிப்பையும், வெளியாசிரியர் நடத்தியிருந்தால் அதையும் சேர்த்தால் போதும். ஒரு பாடத்துக்கு ஒன்றிரண்டு பத்திகளுக்கு மேல் வேண்டாம்.

ஒரு கிரெடிட்டுக்கு ஏறத்தாழ 120 மணி நேரப் படிப்பு என்பது நெடுநாள் வழக்கம். கல்லூரித் தரத்திலான உயர்நிலைப்பள்ளிப் பாடங்களைக் குறிக்கும் 'ஏ.பி.' என்ற பெயரை மட்டும் எச்சரிக்கையுடன் பயன்படுத்துங்கள்: பாடத்திட்டத்தை ஏ.பி. தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டுக்கு அனுப்பி ஒப்புதல் பெற்ற பிறகே அதைப் பாடத்தின் பெயரில் சேர்க்கலாம். ஒப்புதல் இல்லாமலும் அவள் தேர்வை எழுதலாம். மதிப்பெண்ணைத் தனியே காட்டலாம்.

தமிழைத் தாராளமாகக் காட்டலாம். வீட்டு மொழிதானே என்று தயங்கவேண்டாம். ஆனால் பாட்டியோடு பேசுவது மட்டும் பாடமாகிவிடாது. அவரிடம் ஊர்க்கதைகளைக் கேட்டு, ஒலிப்பதிவு செய்து, அதைத் தமிழில் எழுதித் திருத்தியிருந்தால், அது அருமையான பாடம். எத்தனை பக்கம் எழுதினாள், யார் திருத்தினார், எந்த நூல்களை வாசித்தாள் என்பவற்றைச் சொல்லி, வீட்டில் பேசும் மொழி என்பதையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்புவரை காத்திருந்தால், எந்த ஆய்வை எந்த மாதம் செய்தோம் என்பது உங்கள் இருவருக்குமே நினைவிருக்காது. ஒன்பதாம் வகுப்புப் பாடங்களுக்கான குறிப்புகளை இந்த மாதமே எழுதுங்கள். மதிப்பீட்டாளர் திருப்பித் தந்த கோப்பை, குறிப்பாக ஆய்வக நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.