ஹனோயில் எங்கே, எப்போது, என்ன சாப்பிடலாம்? – கேள்வி பதில்

கேள்வி: வியட்நாமின் ஹனோய் நகரில், பழைய பகுதித் தெரு முழுக்கக் கடைகள். உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பெயர்ப்பலகையைப் பாருங்கள். அங்கே பேர்போன கடைகள் பல ஒரே ஒரு பண்டம்தான் போடும். பலகையிலும் அதன் பெயர்தான் பெரிதாக இருக்கும். பீட்சாவும் ஃபோவும் (எலும்புச் சாறில் அரிசி நூடுல்ஸ்) ஒரே மெனுவில் இருந்தால் நடையைக் கட்டுங்கள். அடுத்தது நேரம். ஃபோ முக்கியமாகக் காலை உணவு. ஏழு, எட்டு மணிக்குள் போங்கள். புன் சா (சுட்ட பன்றிக்கறியோடு அரிசி நூடுல்ஸ்) மதியத்துக்கு உரியது: நடைபாதையில் கரி அடுப்பு வைத்துப் பன்றிக்கறி சுடுவார்கள், புகையே வழி காட்டும். நாலு மணிக்குப் போய்க் கேட்டால் ஆறிப்போனதுதான் கிடைக்கும்.

கேள்வி: மாட்டிறைச்சி வேண்டாம். ஃபோ சாப்பிட முடியுமா?

பதில்: முடியும். பலகையில் 'ஃபோ போ' என்றால் உங்களை விரட்டுவதாக நினைக்காதீர்கள், அது மாட்டிறைச்சி. 'ஃபோ கா' என்பது கோழி. இரண்டும் போடும் கடையை விட்டு, கோழி மட்டும் போடும் கடைக்குப் போங்கள். சாறும் கரண்டியும் கலக்காது.

கேள்வி: சுத்த சைவம். 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் போதுமா?

பதில்: போதாது. கறித்துண்டை எடுத்துவிட்டு அதே எலும்புச் சாறை ஊற்றித் தருவார்கள். காய் வதக்கலில்கூட 'நுவொக் மாம்' என்ற மீன் சாறு விழும். கேட்க வேண்டிய சொல் 'சாய்'. பௌத்தர்களின் சைவச் சாப்பாட்டுக்கு அதுதான் பெயர். பலகையில் 'குவான் சாய்' என்று போட்ட கடையில் ஃபோவும் சைவமாகக் கிடைக்கும். அவர்கள் நாள்காட்டியில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், ஏறக்குறைய நம் அமாவாசையும் பௌர்ணமியும், பலர் சைவம் சாப்பிடுவார்கள். அன்று சாய் கடைகளில் கூட்டம் நெரியும், சீக்கிரம் போய்விடுங்கள். முட்டை கூடாதென்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

கேள்வி: மேசையில் இருக்கும் பாட்டில்களை என்ன செய்வது?

பதில்: முதலில் சாறை அப்படியே ஒரு வாய் குடியுங்கள். பிறகு பூண்டு ஊறிய வினிகர் அரைக் கரண்டி, மிளகாய் கொஞ்சம். முளைகட்டிய பயறும் தழைகளும் தட்டு நிறைய வைப்பது தெற்கே சைகோன் பக்கத்துப் பழக்கம். ஹனோயில் வைக்கவில்லை என்று சண்டை போடாதீர்கள்.

கேள்வி: காசில் ஏமாறாமல் இருக்க?

பதில்: விலையை முன்பே கேளுங்கள். ஈரத் துண்டைப் பிரித்தாலும், மேசையிலுள்ள 'குவாய்' என்ற பொரித்த மாவுக் குச்சியை எடுத்தாலும் தனிக் கணக்கு வரலாம். அதைவிடப் பெரிய நஷ்டம் நம் கையாலேயே வரும்: 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். இரண்டையும் பர்ஸில் வேறு வேறு அறையில் வையுங்கள்.