பெருவெடிப்பைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்

அன்புள்ள ஐயா,

எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. அண்ணன் தீவிர நாத்திகர். போன மாதம் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். “பெருவெடிப்பு தானாகவா நடந்தது? படைப்பை அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டதே” என்றேன். “சரி, கடவுளைப் படைத்தது யார்?” என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அவர் வாயை அடைக்கிற மாதிரி ஒரு பதில் வேண்டும். ஐன்ஸ்டைன்கூடக் கடவுளை நம்பியவர்தானே? நீங்கள் எந்தப் பக்கம்?

கே.

அன்புள்ள கே.,

ஐன்ஸ்டைனை முதலில் அனுப்பிவிடுவோம். தத்துவ அறிஞர் ஸ்பினோசா சொன்ன, இயற்கையின் ஒழுங்கில் வெளிப்படும் கடவுளைத்தான் நம்புவதாக 1929இல் சொன்னார். மனிதர்களின் தலைவிதியில் அக்கறை காட்டும் கடவுளை நம்பவில்லை என்பதையும் அதே மூச்சில் சொன்னார். உங்களுக்கு உதவ மாட்டார்.

நான் எந்தப் பக்கம் என்று சொல்லப்போவதில்லை. அதையும் அண்ணன் மேல் எறிவதற்குத்தான் கேட்கிறீர்கள்.

அண்ணனின் கேள்விக்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது: தோன்றிய பொருளுக்குத்தான் காரணம் வேண்டும், கடவுள் தோன்றியவர் அல்ல. சொல்லிப் பாருங்கள். “அப்படியானால் பிரபஞ்சமும் தோன்றவில்லை என்று வைத்துக்கொள்” என்பார். 7ஆம் நூற்றாண்டில் குமாரிலபட்டர் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். அவர் வேதத்துக்காகவும் வேள்விக்காகவும் வாதாடிய மீமாம்சகர். உலகத்துக்கு ஒரு படைப்பாளி தேவையில்லை என்றார். கருணையால் படைத்தான் என்கிறீர்களே, உயிர்களே இல்லாதபோது யார் மேல் கருணை என்று கேட்டார். உங்கள் அண்ணன் கைதட்டுவார், அப்புறம் வேள்வியைப் பற்றிய பேச்சு ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுவார். சமணத்திலும் படைத்தவன் கிடையாது. வழிபாட்டுக்கும் நோன்புக்கும் அங்கே என்ன குறை?

என்னைக் குடைந்தது உங்கள் பெருவெடிப்புதான். அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டதாம்! எதை? சில நாட்களாக ஜார்ஜ் லெமேத்ரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெல்ஜியத்துக்காரர், கத்தோலிக்கப் பாதிரியார், இயற்பியலாளர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதினார். எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று 1931இல் சொன்னார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், இந்த அறிவியல் படைப்புக்குச் சாட்சி சொல்கிறது என்ற தொனியில் பேசினார். லெமேத்ர் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் குதித்திருப்பீர்கள். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. தன் கோட்பாடு மத விவகாரத்துக்கு வெளியே நிற்பது, நாத்திகரும் ஏற்கலாம், நம்புகிறவரும் ஏற்கலாம் என்பது அவர் கட்சி. மறு ஆண்டு வானியலாளர்கள் முன்னால் பேசும்போது போப் அந்த வாதத்தைத் தொடவில்லை.

ஏன் பிடிக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கோட்பாட்டின் தோளில் கடவுளை ஏற்றி உட்காரவைத்தால், அது தடுக்கி விழும்போது அவரும் விழ வேண்டியதுதான். நாம் காணும் பிரபஞ்சம் சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிக அடர்த்தியாக, மிகச் சூடாக இருந்தது, அங்கிருந்து இப்படி விரிந்து வளர்ந்தது. பெருவெடிப்புக் கொள்கை அவ்வளவுதான் சொல்கிறது. அதற்கு முன் என்ன, முன் என்று ஒன்று உண்டா என்பதற்கு அதனிடம் பதில் கிடையாது. யாரோ திரி கொளுத்திய வெடிகுண்டு மாதிரி நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள்.

அண்ணனும் துள்ள வேண்டாம். ஃபிரெட் ஹாயில் என்ற நாத்திக வானியலாளருக்கு, பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் என்றாலே மதவாடை அடித்தது. என்றும் மாறாத பிரபஞ்சம் என்ற கொள்கையை 1948இல் முன்வைத்தவர்களில் அவரும் ஒருவர். பெருவெடிப்பின் மிச்சமாக வானமெங்கும் பரவியிருக்கும் பின்னணிக் கதிர்வீச்சு பற்றிய செய்தி 1965இல் வந்த பிறகும், 2001இல் சாகும்வரை, பெருவெடிப்பை ஏற்கவில்லை. பாதிரியார் தன் நம்பிக்கையைச் சமன்பாட்டுக்குள் விடவில்லை, நாத்திகரால் அது முடியவில்லை. எனக்கு இது தீராத வேடிக்கை.

என் அப்பா தினமும் விடியலில் எழுந்து கண்மூடி உட்காருவார். கல்லூரியில் சேர்ந்த புதிதில், நாலு புத்தகம் படித்த தைரியத்தில், உலகத்தை யாரும் படைக்கவில்லை என்று அவரிடம் நீளமாக விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். “இருக்கலாம்டா. உலகம் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சு எனக்கு என்ன ஆகணும்? உங்கம்மா போனப்புறம் காலையில யார்கிட்டயாவது பேசணும்ல” என்றார். அப்புறம் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டேனா என்று விசாரித்தார்.

நம்புகிறவர்களில் பலர் இப்படித்தான். அவர்களுடைய கடவுளுக்கும் முதல் கணத்துக்கும் சம்பந்தம் குறைவு. நம்பாதவர்களும் எல்லோரும் வானியல் படித்துவிட்டு வந்தவர்கள் அல்ல. டார்வின் 1860இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், உயிரோடிருக்கும் புழுவின் உடலுக்குள்ளேயே அதைத் தின்று வளரும் குளவியைச் சொல்கிறார். கருணையும் வல்லமையும் உள்ள கடவுள் இதை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்கிறார். அவரை உறுத்தியது அந்தப் புழுவின் வேதனை.

உங்கள் அண்ணனை உறுத்தியது எது? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கூடப்பிறந்தவர் என்றைக்கு, எதைப் பார்த்து நம்பிக்கையை விட்டார் என்று கேட்க வேண்டும் என்றுகூட உங்களுக்குத் தோன்றவில்லை. வாயடைக்கிற பதில் மட்டும் வேண்டும்! அப்படி ஒன்று என்னிடம் இருந்தாலும் தர மாட்டேன். இன்றைக்கே அவருக்கு ஃபோன் போடுங்கள். குமாரிலரைப் பற்றி மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.